இரும்பிற் பொறித்த எழுத்து

சாசனம் என்ற சொல்லைக் கேட்டவுடன் வரலாற்று மாணவரின் மனக்கண்முன் எழுவன கல்லும் செப்பேடுமே. தூணிலும் பாறையிலும் கோயிற் சுவரிலும் பொறிக்கப்பட்டவற்றை மைப்படி எடுத்து, எழுத்தின் வடிவங்கொண்டு காலத்தை வரையறுத்து, சொல்லின் வழியே சமூகத்தைக் கண்டறிவது எமக்குப் பழகிய நெறியாகும். ஆயின், எழுத்தைத் தாங்கி நிற்கும் இரும்பைப் பற்றி நமது விரிவுரை மண்டபங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. பழைய துவக்கு ஒன்றின் குழலுக்குக் கீழே, மரம் மூடிய இடத்தில், ஒரு நெல்மணியளவே பெரிதான முத்திரைகள் சில இருக்கும். அவை அரசன் பெருமை பேசுவன அல்ல. நிலக்கொடை கூறுவனவும் அல்ல. இன்னான் செய்தான், இன்ன ஊரிற் சோதித்தார்கள், இவ்வளவு மருந்தைத் தாங்கும் என்ற மூன்று செய்திகளையே அவை சொல்லும். அம்மூன்றும் சில வேளைகளில் ஒன்றோடொன்று முரண்படுவதுமுண்டு. அந்த முரண்பாட்டிலிருந்தே இக்கட்டுரை பிறந்தது.

முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். தமிழகத்தார் 'துப்பாக்கி' என்பதை நாங்கள் மருதமுனையிற் 'துவக்கு' என்போம். சிங்களத்திலும் அது 'துவக்குவ' ஆகும். துருக்கி மொழியின் 'துஃபெக்' என்ற சொல்லே பல வாய்களினூடாக இவ்வடிவங்களை அடைந்தது என்பர். சிங்களத்திற் 'போண்டிக்குல' என்ற இன்னொரு பெயரும் பழைய துவக்குக்கு உண்டு. சிறுவயதில் மத்ரசாவிற் கற்ற அறபு எனக்கு இங்கே நினைவுக்கு வருகிறது: அறபியிலே துவக்கினை 'புந்துகிய்யா' என்பர், வெனிஸ் நகரத்துக்கும் அம்மொழியில் அதுவே பெயர். ஒரு கருவி எத்தனை கடல்களைக் கடந்து எங்கள் வட்டைக்கு வந்தது என்பதனை அதன் பெயர்களே ஓரளவு சொல்லிவிடுகின்றன. மிகுதியை முத்திரைகளே சொல்லவேண்டும்.

போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவை அடைந்தபோது துவக்கினைக் கொணர்ந்தனர் என்பது நாமறிந்த செய்தி. நாம் அதிகம் அறியாதது, ஒரு நூற்றாண்டு கழியுமுன்னரே இந்நாட்டுக் கொல்லர் அதனைச் செய்வதில் அடைந்த தேர்ச்சியாகும். லின்ஸ்கோட்டன் என்ற ஒல்லாந்தர் 1596ஆம் ஆண்டில் வெளிவந்த தமது பயண நூலில் இங்குள்ளோர் செய்யும் துவக்குக் குழல்களை மிக உயர்வாகப் பேசுகின்றார். கண்டி இராச்சியத்துத் துவக்குகளை ஏனையவற்றினின்று பிரித்தறிவது எளிது. பூட்டு பெரும்பாலும் இடப்புறத்தில் இருக்கும். தோளில் வைக்கும் மரம் நுனியில் இரண்டாகப் பிளந்து சுருண்டிருக்கும். பி. ஈ. பி. தெரணியகல 1942இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதிய சிங்கள ஆயுதங்கள் பற்றிய கட்டுரை இத்துறையில் நல்லதொரு தொடக்கமாக அமைந்தது. ஒல்லாந்தர் 1765இல் கண்டியிலிருந்து கொண்டுசென்ற ஆறு பொருள்கள் 2023ஆம் ஆண்டு இறுதியில் அம்ஸ்ரடாமிலிருந்து கொழும்பு நூதனசாலைக்குத் திரும்பி வந்ததை வாசகர் அறிவர். லெவ்கே திசாவையின் பீரங்கி அவற்றுட் பேர்பெற்றது. ஆனால் அவற்றுள் இரண்டு 'மஹ துவக்கு'களும் இருந்தன என்பதைப் பத்திரிகைகள் ஒரு வரியிலே கடந்துவிட்டன. பீரங்கியிற் சூரியனும் பிறையும் சிங்கமும் உள. அவை அரசின் சின்னங்கள். அச்சின்னங்கள் உரிமையைச் சொல்லும். குழல் வெடிக்காது என்ற உறுதியைச் சொல்லமாட்டா. அவ்வுறுதியைத் தருவது வேறு வகையான முத்திரை.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் குறி எங்கள் பகுதியாருக்குப் புதிதன்று. மட்டக்களப்புக் கோட்டை வாயிலின் மேலே அதனைக் காணலாம். பாடசாலைச் சுற்றுலாவில் அதனை முதன்முதலிற் பார்த்தபோது, எமது தமிழாசிரியர், "வ. உ. சி. இங்கேயும் வந்தாரா?" என்று கேட்டுச் சிரித்தார். 1906இல் சுதேசிக் கப்பற் கம்பனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே கப்பல் விட்டவரின் எழுத்துக்களும், 1602இற் பிறந்து 1799இல் மறைந்த அந்நியக் கம்பனியின் எழுத்துக்களும் ஒன்றாய் அமைந்தது வரலாற்றின் குறும்பு எனலாம். ஒல்லாந்தருக்குப் பின்னர் வந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியார், நாற்கூறான இதய வடிவொன்றினுள் எழுத்துக்களை அமைத்த குறியைத் தமது துவக்குகளிற் பொறித்தனர். 1808இன் பின்னர் முடியேந்தி நிற்கும் சிங்கம் அவ்விடத்தைப் பெற்றது. ஆகவே, பூட்டில் இதயம் இருந்தால் ஒரு காலம், சிங்கம் இருந்தால் இன்னொரு காலம். கல்வெட்டில் எழுத்தின் வளைவு காலத்தைக் காட்டுவது போன்றதே இதுவும்.

இவையெல்லாம் உடைமையாளரின் குறிகள். சோதனை முத்திரையின் கதை வேறு. துவக்குக் குழலொன்றை விலைக்கு வாங்குவோன் அதன் உள்ளே உள்ள வெடிப்பையோ ஒட்டுக் குறையையோ கண்ணாற் காண இயலாது. முதல் வெடியிலேயே குழல் பிளந்தாற் கையோ கண்ணோ உயிரோ போகும். எனவே, சாதாரணமாக இடும் மருந்திலும் மிகுதியான மருந்தை இட்டு, ஆளில்லாத அறையிற் குழலைக் கிடத்தி வெடிக்கச் செய்து, பிளவாமலும் புடையாமலும் தப்பியவற்றுக்கு மாத்திரம் முத்திரை குத்தும் வழக்கம் ஐரோப்பிய நகரங்களிற் பிறந்தது. இலண்டன் துவக்குக் கொல்லரின் சங்கம் 1637இல் அரச பட்டயம் பெற்றது. முடியின் கீழ் பின்னிப் பிணைந்த 'ஜீ', 'பீ' என்ற எழுத்துக்கள் சோதித்ததற்கும், முடியின் கீழ் 'வீ' என்ற எழுத்து பார்வையிட்டதற்கும் அச்சங்கத்தார் இட்ட அடையாளங்கள். பேர்மிங்காம் நகருக்கு 1813இல் நாடாளுமன்றச் சட்டத்தினாற் சோதனைச்சாலை கிடைத்தது. அங்கு முடியின் கீழே இரண்டு செங்கோல்கள் குறுக்காக அமைந்து, அவற்றின் இடைவெளிகளில் எழுத்துக்கள் நிற்கும். 1904ஆம் ஆண்டு வரை வழங்கிய அம்முத்திரை, இலங்கையிற் காணப்படும் பழைய ஆங்கிலத் துவக்குகளை இனங்காண நல்ல துணையாகும்.

இதிலொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகின்றேன். எங்கள் ஊருக்குத் தெற்கேயுள்ள ஒரு முதியவரிடம் நூற்றாண்டுகடந்த குழலொன்று இருந்தது, மரமில்லை, பூட்டுமில்லை. அதனைச் செய்தவரின் பெயர் அதிலேயே உண்டென்று அவர் பெருமையோடு காட்டினார். நான் வாசித்தபோது அங்கிருந்தது, 'நொட் ஃபோர் போல்' என்ற ஆங்கிலத் தொடர். நுனியில் ஒடுக்கப்பட்ட குழலிலே தனிக்குண்டு இடலாகாது, சன்னமே இடவேண்டும் என்ற எச்சரிக்கை அது. அவ்வாசகம் 1875 முதல் 1887 வரையுள்ள பன்னிரண்டு ஆண்டுகளிலேயே பொறிக்கப்பட்டது. பெயரில்லாவிடினும் காலம் இவ்வளவு துலக்கமாகக் கிடைத்ததே என்று நான் மகிழ்ந்தேன். அவருக்கோ பெயர் போயிற்றே என்ற கவலை. ஒரு வரலாற்று மாணவனுக்கும் ஒரு பொருளின் உடைமையாளருக்குமிடையே எப்போதும் இருக்கும் இடைவெளி இதுவென்று எண்ணுகின்றேன்.

இனி எங்கள் குடும்பத் துவக்கைப் பற்றிச் சொல்கின்றேன். உம்மாவின் வாப்பா, அதாவது எங்கள் மூத்தவாப்பா, நெசவாளர். மருதமுனையில் அக்காலத்தில் தறியின் ஓசை கேட்காத ஒழுங்கை இருந்ததில்லை என்பர். அவர் சாரனும் கைலேஞ்சியும் நெய்து பதுளைப் பக்கம் கொண்டுசென்று விற்பார். அப்படிச் சென்ற பயணமொன்றில் 1952ஆம் ஆண்டு, தோட்டமொன்றிலிருந்து தாயகம் திரும்பவிருந்த துரையொருவரிடம் இரட்டைக்குழல் துவக்கு ஒன்றினை வாங்கிவந்தார். கல்லோயாத் திட்டம் தொடங்கிய காலம் அது. மேற்கே காடு வெட்டப்பட, வட்டைகள் விரிய, யானையும் பன்றியும் விளைந்த வேளாண்மையை நாடி வந்தன. மூன்று ஏக்கர் வயலைக் காவல் செய்ய ஒரு துவக்கு வேண்டியிருந்தது. பூட்டுத் தகட்டில் 'டபிள்யூ. றிச்சட்ஸ்' என்ற பெயர் ஆங்கிலத்திற் செதுக்கப்பட்டிருந்தமையால் 'இங்கிலீசுத் துவக்கு' என்று அதற்கு ஊரிற் பேர் வந்தது. எங்கள் வளவுக்கு அடுத்த வளவிலிருந்த போடியார் வீட்டிலும் அதே பெயர் செதுக்கிய இன்னொரு இரட்டைக்குழல் துவக்கு இருந்தது. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போல என்று உம்மும்மா சொல்வார்.

1980களின் நடுப்பகுதியில் நாட்டு நிலைமை கெட்டபோது, அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்த துவக்குகளையும் ஒப்படைக்குமாறு எங்களுக்குச் சொல்லப்பட்டது. எங்கள் மூத்தவாப்பாவும் போடியாரும் ஒரே நாளில், ஒரே மாட்டுவண்டியிற் சென்று ஒப்படைத்தனர். கிடைத்த பற்றுச்சீட்டிலே 'பழைய இரட்டைக்குழல், றிச்சட்ஸ்' என்றிருந்ததேயன்றி இலக்கம் எழுதப்படவில்லை. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்துக்குப் பின்னர் அவற்றுள் ஒன்று மட்டும் திரும்பி வந்தது. அப்போது மூத்தவாப்பா உயிரோடில்லை, போடியாரும் இல்லை. மாமா சென்றார். துருவேறிக் கிடந்த அத்துவக்கைத் திருப்பிப் பார்த்து, குழலின் அடியில் 'முட்டையும் முட்டைக்கு மேல முடியும்' இருப்பதைக் காட்டி, இது வாப்பாட துவக்குத்தான் என்று சொல்லிப் பெற்றுவந்தார். சிறுவயதில் வாப்பாவோடு இருந்து எண்ணெய் பூசும்போது அம்முட்டையை அவர் பார்த்திருந்தார். அது பொய்யன்று. ஆனால் போடியாரின் மூத்த மகனும் தன் வாப்பாவின் துவக்கில் அதே முட்டையைப் பார்த்திருந்தார். அதுவும் பொய்யன்று.

இரு வீட்டாரும் சண்டை பிடிக்கவில்லை. எங்கள் ஊரிற் சண்டை பிடித்தால் மரைக்காயர் கூடித் தீர்த்துவைத்துவிடுவர். சண்டையில்லாத மனத்தாங்கலைத் தீர்க்க ஒரு சபையுமில்லை. அடுத்த வளவில் நடந்த மூன்று கலியாணங்களுக்கு எங்கள் வீட்டுக்கு வெற்றிலை வந்தது, ஆள் வரவில்லை. 2004இல் கடல் பொங்கி வந்தபோது இரு வீட்டாரும் ஒரே பாடசாலையின் மாடியில் ஒதுங்கியிருந்தனர் என்றும், அப்போதுங்கூட அது பேசப்படவில்லை என்றும் உம்மா சொல்வார். மூத்தவாப்பாவின் பெட்டியும் அதிலிருந்த பழைய அனுமதிப்பத்திரமும் கடலோடு போயின. துவக்கு அன்று வட்டை வாடியில் இருந்ததனால் தப்பிற்று.

சென்ற ஆண்டு விடுமுறையில் நான் வீடு சென்றிருந்தபோது மாமா ஒரு செய்தி சொன்னார். பன்றித் தொல்லை மிகுந்துவிட்டது. கொல்லரொருவரைக் கொண்டு துவக்கின் குதிரைகளைத் திருத்தி, கடையில் விற்கும் தோட்டாவை வாங்கிப் போட்டு வெடிக்கப் போவதாகச் சொன்னார். "நீ படிச்ச புள்ளதானே மகன், இதில என்ன எழுதியிரிக்கி எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு" என்றார். நான் சாசனவியல் கற்கத் தொடங்கி இரண்டு தவணைகளே முடிந்திருந்தன. என்றாலும் ஒத்துக்கொண்டேன்.

முதலிற் குழல்களைத் திறந்து வெறுமையாக இருப்பதை இருவரும் பார்த்துக்கொண்டோம். பின்னர் குழலின் கீழுள்ள முன்மரத்தைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்தோம். பதினெட்டாண்டு களஞ்சியத்திற் கிடந்த மெழுகும் துருவும் கல்போல் இறுகியிருந்தன. மாமா மண்ணெண்ணெயும் உப்புத்தாளும் கொண்டுவந்தார். உப்புத்தாளை நான் வேண்டாமென்று தள்ளிவைத்தேன். துருவைத் தேய்ப்பவன் எழுத்தையும் சேர்த்துத் தேய்த்துவிடுவான். கோயிற் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று மணற்கொண்டு தேய்த்துக் கல்வெட்டுகளை அழித்தோர் கதையை எமது ஆசிரியர்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கின்றனர்! மண்ணெண்ணெயில் நனைத்த பழஞ்சாரன் துண்டைச் சுற்றி ஓரிரவு விட்டோம். மறுநாள் மெழுகு இளகி வந்தது. பின்னர்க் கைப்பேசியின் விளக்கைச் சாய்வாகப் பிடித்து, வெண்கட்டித் தூளைப் பள்ளங்களில் தேய்த்தபோது எழுத்துக்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. மெல்லிய தாளை மேலேயிட்டுப் பென்சிலால் உரசி எடுத்தேன். மைப்படி எடுக்கும் முறையேதான். கல்லுக்குப் பதிலாக இரும்பு.

முட்டை என்று மாமா கண்டது உண்மையில் ஒரு நீள்வட்டம். அதனுள்ளே 'ஈ', 'எல்', 'ஜீ' என்ற மூன்று எழுத்துக்களும் ஒரு சிறு நட்சத்திரமும் இருந்தன. மேலே முடி. இது பேர்மிங்காமும் அன்று, இலண்டனும் அன்று. பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச்சாலையின் முத்திரை. நெப்போலியன் காலத்துக் கட்டளையோடு 1810 அளவில் அந்நீள்வட்டம் வழக்குக்கு வந்தது. அதன் மேலே முடி ஏறியது 1893இலேயே. ஆகவே துவக்கு 1893க்கு முற்பட்டதாக இருக்கமுடியாது. 1922 முதல் லியேஜ் சோதனைச்சாலையார் ஆண்டைக் குறிக்க ஓரெழுத்தையும் சேர்த்துக் குத்தினர். அவ்வெழுத்து இங்கில்லை. எனவே 1893க்கும் 1922க்கும் இடைப்பட்டது எனத் துணியலாம். செங்கோல்களோ முடியின் கீழ் 'வீ'யோ எங்கும் இல்லை.

அப்படியாயின் றிச்சட்ஸ் யார்? பேர்மிங்காமில் 1812இல் தொடங்கிய வெஸ்லி றிச்சட்ஸ் என்ற புகழ்பெற்ற துவக்குக் கம்பனி ஒன்று உண்டு. அப்புகழைக் கண்டு, லியேஜ் நகரிலிருந்து மலிவு விலைத் துவக்குகளை அமெரிக்காவுக்கும் குடியேற்ற நாடுகளுக்கும் அனுப்பியோர், அதனை நினைவூட்டும் 'டபிள்யூ. றிச்சட்ஸ்' என்ற பெயரைப் பூட்டுகளிற் செதுக்கினர். சட்டம் பேசினால், அவர்கள் வெஸ்லி என்று எழுதவில்லை. வாங்குவோன் அவ்வாறு வாசித்துக்கொண்டால் அவர்கள் என்ன செய்வர்! பெயர் பொய் சொல்லும். சோதனை முத்திரை பொய் சொல்லாது. பெயரை விற்பவன் செதுக்குகிறான். முத்திரையை அவனுக்குக் கட்டுப்படாத மூன்றாமவன் குத்துகிறான். சாசன ஆராய்ச்சியில் மெய்க்கீர்த்தியையும் நிலத்தின் எல்லை கூறும் பகுதியையும் ஒரே தராசில் வைக்காதது இதனாலன்றோ?

மாமாவிடம் இதனைச் சொன்னபோது அவர் முகம் சிறிது வாடிற்று. "அப்ப வாப்பாவத் துரை ஏமாத்திட்டானா?" என்றார். துரையும் அறிந்திருக்கமாட்டார் என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் துரு நீங்கிய குழலின் மேற்பரப்பை அவர் விரலாற் தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று, "இது நெசவு மாதிரிக் கிடக்கே மகன்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இரும்புக் கம்பியையும் உருக்குக் கம்பியையும் மாறிமாறி அடுக்கி, முறுக்கி, பட்டையாக்கி, ஓர் அச்சின் மேற் சுற்றிச் சூடேற்றி அடித்து ஒட்டி அக்காலத்துக் குழலைச் செய்தனர். அமிலத்தில் நனைத்தெடுத்தால் இரண்டு உலோகமும் இரண்டு நிறமாகிச் சுருள்சுருளான கோலம் தோன்றும். டமஸ்கஸ் குழல் என்பது அதன் பெயர். லியேஜுக்கு அண்மையிலுள்ள வெஸ்ட்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இவ்வேலை வல்லார் இருந்தனர். பாவும் ஊடும் அறிந்த குடும்பத்தில் வந்தவர் கண்ணுக்கு அக்கோலம் முதலிற் பட்டதில் வியப்பில்லை.

இதனோடு இன்னொன்றும் எனக்குத் தோன்றிற்று. லியேஜின் துவக்குத் தொழில் பெரும்பகுதி வீடுகளிலேயே நடந்தது. ஒருவன் குழல் செய்வான், இன்னொருவன் பூட்டு, வேறொருவன் மரம் கடைவான். முதலாளி பொருளைக் கொடுத்து வேலையை வாங்கி இறுதியிற் பெயரைச் செதுக்குவான். எங்கள் தறிக்காரருக்கு இது புதிய கதையன்று. சாச்சா நெய்த சாரனைக் கொழும்பில் ஒரு கடையில், வேறோர் ஊரின் பெயர்ச்சீட்டு ஒட்டிய நிலையிற் கண்டிருக்கிறேன். கரையின் கோடுகளைக் கண்டே அது அவர் கைவேலை என்று இனங்கண்டேன். சீட்டை ஒட்டியவருக்குக் கரை ஒரு பொருட்டன்று. அன்றிலிருந்து 'போலித் துவக்கு' என்ற சொல்லை எங்கள் துவக்குக்கு வழங்க எனக்கு நா வருவதில்லை. பெயர் போலியாயிருக்கலாம். அக்குழலை முறுக்கியவன் கை போலியன்று.

ஆனால் மாமா கேட்ட கேள்வி வேறு. அதை வெடிக்கலாமா என்பதே அவர் கேள்வி. அதற்கும் விடை முத்திரைகளிலேயே இருந்தது. சரியாகச் சொன்னால், இல்லாத முத்திரையில் இருந்தது. பழைய துவக்குகள் கருமருந்துக்காகச் செய்யப்பட்டவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் புகையில்லா மருந்து வந்தபோது அதன் அழுத்தம் குழலில் வேறுவிதமாக எழுந்தது. ஆகவே சோதனைச்சாலைகள் அதற்கெனத் தனி முத்திரை வகுத்தன. ஆங்கிலத் துவக்காயின் 1904க்குப் பின்னர் 'என்', 'பீ' என்ற எழுத்துக்கள் அதனைக் காட்டும். லியேஜ் துவக்காயின் எழுந்து நிற்கும் சிங்கமொன்றும் அதன்கீழ் 'பீ', 'வீ' என்ற எழுத்துக்களும் இருத்தல் வேண்டும். இரண்டு குழலையும் இரண்டு முறை தடவிப் பார்த்தேன். சிங்கம் இல்லை. போதாக்குறைக்குப் பழைய குழல்களின் தோட்டா அறை 65 மில்லிமீற்றர் நீளத்துக்கு அமைந்தது. இன்று கடையில் விற்கும் தோட்டாக்களிற் பெரும்பாலானவை 70 மில்லிமீற்றர் அறைக்கானவை. குறுகிய அறையில் நீண்ட தோட்டாவின் வாய் விரிய இடமின்றி அழுத்தம் மேலும் ஏறும். பதினெட்டாண்டுத் துரு குழலின் உட்சுவரை அரித்திருந்ததை விளக்கொளியில் அவரே கண்டார்.

"வெடிக்க ஏலாது மாமா. முதல் வெடியில ஒண்டும் நடக்காமப் போகலாம். பத்தாவது வெடியில இடக்கை போகலாம்" என்றேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "வாப்பா வெடிச்சவர்தானே" என்றார். வாப்பா வெடித்தது கருமருந்துத் தோட்டாவாயிருக்கலாம், அதுவும் எழுபதாண்டுக்கு முன்னர் என்றேன். அவர் கொல்லரிடம் போவதை விட்டுவிட்டார். பன்றிகள் இப்போதும் வருகின்றன. மாமா இரவிற் பரணிலிருந்து தகரம் தட்டுகிறார். யானை வந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தார் கொடுக்கும் யானை வெடியைக் கொளுத்துகிறார். துவக்கை விட அது நல்ல காவல் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனமில்லை; அப்படி இல்லை என்பது எனக்கே தெரியும்.

முட்டையும் முடியும் லியேஜ் நகரின் பொது முத்திரை என்றால், அது எத்தனையோ இலட்சம் துவக்குகளில் இருக்கும். ஆகவே அம்முத்திரையைக் கொண்டு இது எங்களுடையது என்று மாமா சொன்னதற்கு ஆதாரம் போதாது. போடியார் மகன் ஐயுற்றதற்கும் அதே அளவு நியாயம் உண்டு. இதை நான் உம்மும்மாவிடம் சொன்னபோது அவர் கோபிக்கவில்லை. "மூத்தவாப்பா எழுதாம ஒரு சாமானும் வாங்கமாட்டார்" என்றார். அவருடைய கணக்குப் புத்தகம் பெரிய ராத்தா வீட்டில், பிரதான வீதிக்கு மேற்கே, தறிச் சாமான்களோடு கிடந்தது. கடல் அங்கு செல்லவில்லை.

புத்தகம் அறபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தது. நமது பல்கலைக்கழகங்களில் அறபுத் தமிழைத் தமிழியலின் ஒரு பகுதியாகக் கொள்வாரும் உளர், அது சமயத் துறைக்குரியது என ஒதுக்குவாரும் உளர். அவ்விவாதத்தை விட்டுவிடுகின்றேன். நூற்கணக்கும் சாயக் கணக்கும் கடன் கணக்கும் அதில் எழுதப்படும்போது அது எந்தத் துறைக்குரியது என்பதை நான் கேட்க விரும்புகிறேன், அவ்வளவே. 1952ஆம் ஆண்டுப் பக்கத்தில், பதுளைச் செலவுக்குக் கீழே, இங்கிலீசுத் துவக்கு ஒன்று, விலை 325 ரூபா, அதனையடுத்து இலக்கம் என்றிருந்தது. இலக்கமும் அறபு எண்ணில். முதல் எண்ணைப் பூச்சி அரித்திருந்தது. எஞ்சிய மூன்றும் 417 எனத் தெளிவாயிருந்தன.

துவக்கின் விசைக்காப்பில் இருந்த இலக்கம் கைபட்டுத் தேய்ந்து போயிற்று. அதனாலேயே புதிய அனுமதிப்பத்திரத்திற்கூட இலக்கம் தெளிவில்லை என்று எழுதப்பட்டிருந்தது. ஆனால் குழல்களின் அடியில், முட்டைக்கு ஒரு விரற்கடை அப்பால், மெழுகு மூடியிருந்த இடத்தில் இன்னொரு முறை அவ்விலக்கம் குத்தப்பட்டிருக்கும். குழலும் பூட்டும் மரமும் வேறுவேறு கைகளிற் செய்யப்படும்போது எதனோடு எது சேரும் என்றறிய எண்ணிடுவது கொல்லரின் வழக்கம். என் பென்சில் உரசலிலே அது ஏற்கெனவே வந்திருந்தது. 4417.

இதை மாமாவோடு நிறுத்திக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. போடியார் வீட்டு மூத்தவரிடம் நானே சென்றேன். அவர் இப்போது எழுபதைக் கடந்தவர்; என்னை இன்னார் மகளின் மகன் என்று அறிந்து கதிரை தந்தார். கணக்குப் புத்தகத்தையும் உரசிய தாளையும் அவர் முன் வைத்தேன். அவர் எனக்கு முன்னே அறபு எண்களை வாசித்தார். பின்னர் உள்ளே போய், பொலித்தீன் பையிற் சுற்றிய கடதாசி ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் வாப்பாவின் பெயரில் 1971ஆம் ஆண்டு புதுப்பித்த பத்திரம். அதில் றிச்சட்ஸ் என்றிருந்தது. இலக்கம் ஐந்து தானம், 2இல் தொடங்கியது. அவர் தாள்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். இத்தனை காலமும் அப்பத்திரத்தை ஏன் வெளியே எடுக்கவில்லை என்று நான் கேட்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் இலக்கம் இருக்கவில்லையே. தேநீர் வந்தது. குடித்தேன்.

எழுந்து வரும்போது அவர் ஒன்று கேட்டார். அவர் வாப்பாவின் துவக்கு எங்காவது ஒரு களஞ்சியத்தில் இன்னும் கிடக்குமானால், பூட்டும் மரமும் போய் வெறுங்குழல் மட்டும் கிடந்தாலும், அதை அடையாளம் காணலாமா என்று கேட்டார். காணலாம் என்றேன். குழலின் அடியில் எந்த இடத்தில் எண் இருக்கும் என்பதைத் தாளொன்றில் வரைந்து, முட்டையையும் முடியையும் போட்டு, அதற்கு அருகே அவருடைய ஐந்து எண்களையும் எழுதிக் கொடுத்தேன். அவர் அதனை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.